கண்ணுக்கு ஒன்று, பைத்தானுக்கு இரண்டு

சென்னை மெட்ரோ நிலையங்களின் பெயர்களை ஒரு லிஸ்ட்டில் போட்டு, ‘கோயம்பேடு’ அதில் இருக்கிறதா என்று பைத்தான் என்ற நிரல்மொழியிடம் ‘இன்’ (in) மூலம் கேட்கிறோம். ஃபால்ஸ், அதாவது ‘இல்லை’ என்கிறது. லிஸ்ட்டை பிரிண்ட் செய்தால் பெயர் பளிச்சென்று தெரிகிறது!

லிஸ்ட்டில் ‘இன்’ தேடும் விதம் எளிது. முதலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, நாம் தேடும் அதே ஆப்ஜெக்ட்டா என்று பார்க்கும்; இல்லையென்றால் == போட்டு ஒப்பிடும். ஒன்று பொருந்தியதும் அங்கேயே நின்று ட்ரூ சொல்லிவிடும். ஆக, ‘இருக்கிறதா’ என்பது கடைசியில் ‘சமமா’ என்ற கேள்விதான். இரண்டு ஸ்ட்ரிங்குகள் (எழுத்துத் தொடர்கள்) சமமாக வேண்டுமானால், எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூனிகோட் குறிகள் வரிசை மாறாமல் அப்படியே பொருந்த வேண்டும். எழுத்தின் உருவத்தை யாரும் பார்ப்பதில்லை.

‘கோ’ காலை வாருவது இங்கேதான். ககரத்துக்குப் பின் ஓகாரத்தை ஒரே குறியாக இடலாம். இரட்டைச்சுழிக் கொம்பு, துணைக்கால் என இரண்டு குறிகளாகவும் இடலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. குறிகளை எண்ணும் ‘லென்’ போட்டால் குட்டு வெளிப்படும்: ஒரு கோயம்பேடுக்கு 9, இன்னொன்றுக்கு 10. யூனிகோட்டேட்டா மாட்யூலின் ‘நார்மலைஸ்’ ஃபங்ஷனில் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவம் கேட்டால் இரண்டும் 9 ஆகிவிடும். தேடும் சொல்லுக்கு மட்டும் செய்தால் போதாது, லிஸ்ட்டில் உள்ளவற்றுக்கும் செய்ய வேண்டும். டேட்டா உள்ளே வரும் இடத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

லிஸ்ட்டுக்குப் பதில் செட் வைத்தாலும் இந்தத் தொல்லை தீராது. செட் முதலில், குறிகளிலிருந்து கணக்கிடும் ஹாஷ் எண்ணைக் கொண்டு இடம் பார்க்கிறது. குறிகள் வேறானால் ஹாஷும் பெரும்பாலும் வேறு. வேகம் மட்டும் கூடும். நாற்பது நிலையங்களுக்கு அதுவும் தேவையில்லை. லட்சக்கணக்கில் பெயர் இருந்தால் செட்தான் சரி.

ஸ்ட்ரிங்குக்குள் தேடும்போது ‘இன்’ வேறு ஆள்: துண்டு இருக்கிறதா என்று பார்க்கும். ‘கிண்டி’யில் ‘ட’ இருக்கிறதா என்றால் ட்ரூ, ஏனென்றால் டி என்பது ட-வும் இகரக் குறியும். ஒரு பெயர் மட்டும் உள்ள டூப்பிளில் (மாற்ற முடியாத லிஸ்ட் போன்றது) கமாவை விட்டுவிட்டால் அது வெறும் ஸ்ட்ரிங். அப்போது ‘கிண்’ கூட நிலையமாகிவிடும்.

பின்கோடிலும் ஒரு கண் வேண்டும். ஃபைலிலிருந்து படித்த ‘600017’ ஸ்ட்ரிங், நாம் அடித்த 600017 எண். < போட்டால் டைப்எரர் வந்து நின்றுவிடும், பிழைத்தோம். == போட்டாலோ சத்தமில்லாமல் ஃபால்ஸ்; தி.நகர் ஆர்டரெல்லாம் ‘டெலிவரி இல்லாத பகுதி’யில் போய் விழும்.