ஊரில் இல்லாதவர்கள் போடும் வேலி: பணம் அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வேலி வேலை எடுத்துச் செய்கிறேன். எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி சென்னையிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும்தான். பூர்வீக வீடு இங்கே, குடும்பம் அங்கே. வீட்டுக்குப் பின்னால் காலி மனை, இல்லையென்றால் ஊருக்கு வெளியே ஒரு தோட்டம். "தம்பி, செயின் லிங்க் வேலி சதுர அடி என்ன ரேட்டு?" என்றுதான் பேச்சு தொடங்கும். செயின் லிங்க் என்பது கம்பியைப் பின்னிச் செய்த வலை.

ரேட்டைச் சொல்லிவிடலாம். ஆனால் நேரில் நின்று பார்க்க முடியாதவருக்கு அது மட்டும் போதாது. வேலை முடிந்ததும் வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் நல்ல வேலியும் மட்டமான வேலியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கம்பியின் கனமும், அதன் மேல் உள்ள துத்தநாகப் பூச்சும், வலையைத் தாங்கும் வேலிக்கால் மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதும் அந்தப் படத்தில் தெரியாது. ஏமாற்று நடப்பதெல்லாம் இந்த மூன்றில்தான். தூரத்தில் இருந்தபடியே இவற்றைச் சரிபார்க்க வழி இருக்கிறது.

முதலில் நிலம். பட்டா கையில் இருக்கிறது, தாத்தா காட்டிய வேப்பமரம்தான் எல்லை என்று சொல்லி வேலி போடச் சொல்பவர்கள் நிறைய. அது வேண்டாம். நிலத்தின் எல்லையும் அளவும் குறித்த அரசு வரைபடமான புலப்படத்தை எடுத்துவைத்துக்கொண்டு சர்வேயரை வைத்து அளந்து, கல் எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே குழி தோண்ட வேண்டும். நில அளவைக்கு இணையத்திலோ இ-சேவை மையத்திலோ பணம் கட்டி விண்ணப்பிக்கலாம். சர்வே கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைச் சட்டப்படி குற்றம். குழி தோண்டும்போது கல் இடைஞ்சலாக இருக்கிறது என்று வேலையாட்கள் எடுத்துப் போட்டுவிடக் கூடாது. வேலிக்காலைத் தள்ளி நடலாம், கல்லைத் தொடக் கூடாது.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்குதாரர்கள் இருப்பார்கள். ஒருவர் நல்ல எண்ணத்தில் வேலி போடுவார். முன்னோர்களைக் கும்பிடும் அடுத்த படைப்புக்கு ஊர் கூடும்போது, "எங்களைக் கேட்காமல் எப்படி அடைத்தீர்கள்?" என்று பங்காளிகளுக்குள் மனத்தாங்கல் வரும். வேலி போட்டதால் மட்டும் யாருக்கும் உரிமை வந்துவிடாது, யாருடைய உரிமையும் போய்விடாது. ஆனாலும் எல்லோரிடமும் எழுத்தில் ஒரு சம்மதம் வாங்கிவிடுங்கள். நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீண்டு கிடப்பவை. பின்பக்கத்து இடத்தில் அக்கம்பக்கத்தார் நடந்துபோன பாதை இருக்கும். அதையும் முன்னாலேயே பேசி முடித்துக்கொள்வது நல்லது.

அளவு விஷயத்தில் ஒரு கணக்கு. ஒரு ஏக்கர் என்றால் 43,560 சதுர அடி. அது சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 835 அடி. அதே ஒரு ஏக்கர் 100 அடி அகலத்தில் நீளமாகக் கிடந்தால் சுற்றளவு 1,070 அடியைத் தாண்டிவிடும். ஆகவே "ஏக்கருக்கு இவ்வளவு" என்று மொத்தமாகச் சொல்லும் ரேட்டை நம்ப வேண்டாம். ஓடும் அடிக்கு என்ன விலை, அதில் கால், கான்கிரீட், கூலி எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

மழைத்தண்ணீர் போகும் வழியையும் இப்போதே பார்க்க வேண்டும். கூரையில் விழும் தண்ணீரையும் தெருவில் ஓடும் தண்ணீரையும் ஊரணிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த ஊர்கள் நம்முடையவை. மனையின் குறுக்கே பழைய வரத்துக்கால், அதாவது ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால், ஒன்று போகலாம். தூர்ந்து போயிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசி மழையில்தான் தெரியும். மதில் சுவர் எழுப்பினால் அந்தத் தண்ணீர் அடைபடும். வலை வேலி தண்ணீரை விடும், இந்த வேலியை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் குப்பையும் சருகும் வலையின் அடியில் சேர்ந்தால் அதுவே அணையாகிவிடும், தண்ணீரின் பாரம் வேலியைச் சாய்த்துவிடும். வரத்துக்கால் வரும் இடத்தில் வலையைத் தரையிலிருந்து உயர்த்தி, கீழே தனியாகக் கழற்றி மாட்டும் கம்பித் தடுப்பு வைக்கச் சொல்லுங்கள். ஊரணியைத் தண்ணீரில்லாமல் அடிக்கும் வேலியை எந்த விலைக்கும் போடக் கூடாது.

இனி வலை. கம்பியின் கனத்தைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 8 கேஜ் சுமார் 4 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.25, 12 கேஜ் 2.64, 14 கேஜ் 2.03. வலையில் உள்ள ஓட்டையைக் கண் என்போம். வீட்டு மனைக்கும் தோட்டத்துக்கும் 12 கேஜ், 3 அங்குலக் கண் போதும். சந்தையில் நடப்பது என்னவென்றால், 12 என்று பேசிவிட்டு 13 கேஜ் வலையை இறக்குவார்கள். 13 கேஜ் 2.34 மில்லிமீட்டர்தான். கண்ணால் பார்த்தால் எங்களுக்கே சட்டென்று பிடிபடாது. ஆனால் இரும்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எடைதான் நேர் வழி. 5 அடி உயரம், 50 அடி நீளம், 3 அங்குலக் கண் உள்ள ஒரு ரோல் 12 கேஜில் 26 முதல் 28 கிலோ வரை இருக்கும். 10 கேஜ் என்றால் 40 கிலோவைத் தொடும். 13 என்றால் 21 பக்கம், 14 என்றால் 16 பக்கம். இறக்கும்போது ஒரு ரோலைத் தராசில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். தராசு இல்லையா, சரி, வலையின் ஓரக் கம்பி ஒன்றைக் கழற்றி, வளைவு இல்லாத பத்துத் துண்டுகளாக வெட்டி, இடைவெளி விடாமல் ஸ்கேல் பக்கத்தில் அடுக்கிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பத்தும் சேர்ந்து 26 மில்லிமீட்டருக்கு மேல் வந்தால் 12 கேஜ். 23-இல் நின்றால் 13. கானாடுகாத்தானில் தனியாக இருக்கும் ஒரு ஆச்சி, பேரனின் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து இப்படித்தான் பார்த்து, வந்த லோடைத் திருப்பி அனுப்பினார்கள்.

பச்சை பிளாஸ்டிக் உறை போட்ட வலை வாங்கினால் கூடுதல் கவனம் வேண்டும். உறையோடு சேர்த்து அளந்து 10 கேஜ் என்பார்கள். உறையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே 13, 14 இருக்கும். உள்கம்பி என்ன கேஜ் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

துத்தநாகப் பூச்சுதான் கம்பியின் ஆயுள். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். அது முழுக்கக் கரைந்த பிறகுதான் இரும்பு துருப்பிடிக்க ஆரம்பிக்கும். இது மின்வேதியியல். இந்த விஷயத்தை ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் நம் ஊரிலேயே இருக்கிறது. சிக்ரி என்று நாம் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்டது. உலோக அரிப்பு அங்கே முக்கியமான ஆய்வுத் துறை. இந்தியாவில் எந்த ஊரில் உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று வரைபடமே போட்டவர்கள். அப்படிப்பட்ட ஊரில் பூச்சு எவ்வளவு என்று கேட்காமல் கம்பி வாங்குவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பூச்சை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று அளப்பார்கள், கடையில் ஜிஎஸ்எம் என்று கேட்க வேண்டும். 100 ஜிஎஸ்எம் என்றால் 14 மைக்ரான் கனம்தான், 40 என்றால் 6 மைக்ரான்கூட வராது. புதிதில் இரண்டும் பளபளவென்றுதான் இருக்கும். காரைக்குடி கடலோரம் இல்லை என்பதால் இங்கே 90, 100 ஜிஎஸ்எம் நன்றாக நிற்கும். தொண்டி, மீமிசல் பக்கம் நிலம் இருந்தால் உப்புக்காற்றுக்கு அதைவிடக் கூடுதலாகக் கேளுங்கள். வலைக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 2721. ரசீதில் கேஜ், கண் அளவு, ஜிஎஸ்எம் மூன்றையும் எழுதித் தராத கடையில் வாங்க வேண்டாம்.

கால்களுக்கு வருவோம். கல்லுக்கால், சிமெண்ட் கால், இரும்பு ஆங்கிள் எதுவானாலும் 5 அடி வலைக்கு 7 அடிக் கால், அதில் 2 அடி மண்ணுக்குள். மேலே இரண்டு வரி முள்கம்பி வேண்டுமென்றால் 8 அடிக் கால். நம் மண்ணில் மேலே ஓரடி செம்மண், அதற்குக் கீழே செம்புறாங்கல் பாறை வந்துவிடும். கடப்பாரை பாறையில் பட்டதும் தோண்டுபவருக்குக் கை ஓய்ந்துபோகும். ஓரடியில் நிறுத்தி, காலின் அடியை வெட்டிக் குறைத்து நட்டுவிடுவார்கள். வெளியிலிருந்து உயரம் சரியாகத் தெரியும். முதல் கோடைக்காற்றிலேயே அந்தக் கால் ஆடத் தொடங்கும். பாறை இருந்தால் மெஷின் வைத்துத் துளைக்க வேண்டும், அதற்கான கூலியைப் பேச்சிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கூலியைக் கொடுக்க மறுத்துவிட்டு ஆழத்தை எதிர்பார்ப்பது உழைப்பவருக்கும் நியாயமில்லை. கண்மாய்க்கு அருகே களிமண் என்றால் வேறு பிரச்சினை. நனைந்தால் ஊதிப் பெருக்கும், காய்ந்தால் வெடிக்கும். அங்கே இரண்டரை அடி வேண்டும்.

கான்கிரீட் போடும் முன் ஒவ்வொரு குழியிலும் டேப்பை இறக்கி, அந்த எண் தெரிகிற மாதிரி படம் எடுக்கச் சொல்லுங்கள். வேலி முழுவதற்கும் நீங்கள் வாங்க வேண்டிய படம் ஒன்றுதான் என்றால் அது இதுதான். கால்களின் இடைவெளி 8 முதல் 10 அடி. 835 அடி சுற்றளவில் 10 அடிக்கு ஒன்று என்றால் 84 கால், 12 அடிக்கு ஒன்று என்றால் 70. அந்தப் பதினான்கு கால் யார் பைக்குப் போகிறது என்று பாருங்கள்.

இழுத்துக் கட்டிய வலையின் மொத்த விசையும் வந்து விழுவது மூலைக்காலில். அதற்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்கும் சாய்வான கால், அதாவது சாய்கால், கொடுத்து, சாய்காலின் அடியையும் கான்கிரீட்டில் பதிக்க வேண்டும். நேர் ஓட்டத்திலும் பத்துக் காலுக்கு ஒன்றுக்குச் சாய்கால் வேண்டும். கான்கிரீட் போட்டு ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றி விட்ட பிறகே வலையை இழுக்க வேண்டும். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு ஒப்பந்தக்காரர் காலையில் கால் நட்டு மாலையில் வலை கட்டிவிட்டுப் போயிருந்தார். மூலைக்கால் நான்கும் உள்பக்கம் சாய்ந்து, வலை தொய்ந்து, ஆடுகள் தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தன. வலை நல்ல வலைதான். மேல், நடு, கீழ் என்று மூன்று வரி தடித்த கம்பி ஓட்டி அதில் வலையைக் கட்ட வேண்டும். மாடு உடம்பைத் தேய்க்கும் உயரத்தில் நடுக்கம்பி இல்லாவிட்டால் வலை வயிறு தள்ளிவிடும். இரண்டு ரோல் சேரும் இடத்தில் வலைக்கம்பியையே திருகி இறக்கிப் பின்ன வேண்டும், கட்டுக்கம்பியால் முடிச்சுப் போடக் கூடாது.

பழைய வீட்டுச் சுவரில் ஆணியடித்து வலையை மாட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். நூறு வருடத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவர் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. காரை பெயர்ந்தால் அதே வேலைப்பாட்டைத் திரும்பச் செய்யக் கொத்தனார் கிடைப்பது அரிது. சுவரை ஒட்டி அரையடி தள்ளித் தனிக்கால் நட்டு அங்கே வலையை முடியுங்கள்.

கிடங்கு, புதுவயல் பக்கத்து அரிசி ஆலை, டைல்ஸ் பட்டறை போன்ற இடங்களுக்கு 10 கேஜ், 2 அங்குலக் கண். 3 அங்குலக் கண்ணில் கால் வைத்து ஏறிவிடலாம். லாரி வரும் கேட்டுக்குத் தனி அடித்தளம் போட்ட தூண் வேண்டும், வேலிக்காலில் கேட்டை மாட்டக் கூடாது.

இரவில் வேலியில் கரண்ட் விடலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூடவே கூடாது. வீட்டு மின்சாரத்தை வேலிக்குக் கொடுப்பது குற்றம். பக்கத்துத் தோட்டத்துக்கு ஆடு தேடி வரும் பிள்ளை செத்துப்போகும். ஒரு கால் மிச்சம் என்று மின்கம்பத்திலோ அதன் இழுகம்பியிலோ வலையைக் கட்டுவதும் அதே ஆபத்துதான். மின்கம்பி வேலிக்கு மேலே போகிறதென்றால் அந்த இடத்தில் எர்த் கம்பி இறக்கச் சொல்லுங்கள். கம்பி அறுந்து வலையில் விழுந்தால் முழு வேலியும் உயிரெடுக்கும்.

வேலி ஓரம் சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது, வேரோடு தோண்ட வேண்டும். விட்டால் வலைக்குள் புகுந்து வளர்ந்து, பிறகு வலையை அறுத்தால்தான் மரத்தை எடுக்க முடியும். கொடி படர்ந்த வலையில் காற்று புகுந்து போகாமல் மோதும், கால்கள் சாயும். வருடம் ஒருமுறை ஆள் விட்டுச் சுத்தம் செய்ய ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை நான்காகப் பிரித்துக் கொடுங்கள். பொருள் இறங்கி எடைப் படம் வந்த பிறகு ஒன்று, குழிப் படங்கள் வந்து கான்கிரீட் முடிந்த பிறகு ஒன்று, வலை இழுத்த பிறகு ஒன்று. மிச்சம் பத்து சதவீதத்தை ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை நிறுத்திவையுங்கள். மழை விட்டதும் ஊரில் உள்ள யாரையாவது அனுப்பி நான்கு மூலைக்காலையும் கையால் தள்ளிப் பார்க்கச் சொல்லி, ஆடவில்லை என்றால் அந்தப் பணத்தை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். இதற்குச் சம்மதிக்காதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.