எக்ஸ்ரேயில் தெரியும் ஓட்டை எல்லாமே டிபி இல்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ ஒருவருக்கு மாதக்கணக்கில் இருமல், காய்ச்சல், எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஓட்டை என்றால் எல்லார் வாயிலும் முதலில் வருவது டிபிதான். தப்பில்லை; காசநோய் மிகுந்த நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. ஆனால் சளியில் கிருமி இல்லை, மருந்துக்கும் அசையவில்லை, கூடவே மூக்கில் ரத்தப் பொருக்கு, சிறுநீரில் ரத்தம் என்றால் டாக்டரின் சந்தேகம் ஜிபிஏ என்கிற ரத்தக்குழாய் அழற்சியின் பக்கம் திரும்பும்.

இந்த நோயில், கிருமியைக் கொல்ல வேண்டிய நியூட்ரோபில் வெள்ளையணுவுக்கு எதிராகவே உடல் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்துவிடுகிறது. ஆங்கா என்பது அதன் பெயர். அது ஒட்டியதும் வெள்ளையணு கிளர்ந்தெழுந்து, சின்ன ரத்தக்குழாய்களின் சுவரிலேயே தன் நொதிகளைக் கொட்டும். சுவர் புண்ணாகி, ரத்தம் கிடைக்காத திசு செத்து, நுரையீரலில் கட்டிகள் உண்டாகின்றன. கட்டியின் நடுப்பகுதி கரைந்து மூச்சுக்குழாய் வழியே வெளியேறினால் மிஞ்சுவது ஓட்டை.

அந்த ஓட்டை உள்ளே ஆழத்தில் இருந்தால் ஒரு கதை, ஓரத்தில் நுரையீரலின் வெளியுறையை ஒட்டி இருந்தால் வேறு கதை. நுரையீரலுக்குத் தானாக விரியும் சக்தி கிடையாது. அது எந்நேரமும் சுருங்கத்தான் பார்க்கும். விலாக்கூடு வெளிப்பக்கம் இழுக்கும். நடுவே இரண்டு மெல்லிய உறைகள், சில மில்லிலிட்டர் நீர். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் மாதிரி அவை வழுக்கும், ஆனால் பிரியாது. அந்த இடுக்கில் அழுத்தம் வெளிக்காற்றைவிட 5 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்த அளவுக்குத்தான் குறைவு. அவ்வளவு சின்ன வித்தியாசம்தான் நுரையீரலை விரித்து வைத்திருக்கிறது! ஓட்டை உறையையும் துளைத்துவிட்டால் காற்று இடுக்கில் புகும், நுரையீரல் சுருங்கிவிடும். இதுதான் நியூமோதோராக்ஸ்: திடீர் குத்துவலி, மூச்சுத்திணறல். ஜிபிஏயில் இது அரிது. வந்தால் தொல்லை அதிகம், ஏனென்றால் நோயை அடக்கும் ஸ்டீராய்டே புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். புகுந்த காற்று வெளியே வர வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போனால் இதயத்தையே நெருக்கும். அப்போது ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

வைத்தியம் ஆச்சரியமான அளவுக்கு எளிமை. விலா எலும்புகளுக்கு நடுவே குழாய் விட்டு, மறுமுனையை ஒரு பாட்டில் தண்ணீருக்கடியில் வைப்பார்கள். இருமினால் காற்று குமிழியாக வெளியேறும்; திரும்பிப் போகத் தண்ணீர் விடாது. லோட்ஷெட்டிங்கில் கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். அப்புறம் ஜிபிஏவுக்கான மருந்தும் தொடர வேண்டும், இல்லாவிட்டால் புது ஓட்டைகள் வரும்.

குழாயை எடுத்த பிறகு டர்பன்காரர் யோசிக்க வேண்டியது ஜோஹனஸ்பர்க் பயணத்தை. கடலோர டர்பனிலிருந்து சுமார் 1,700 மீட்டர் ஏறும்போது காற்றழுத்தம் குறைந்து, இடுக்கில் அடைபட்டு மிஞ்சிய காற்று ஏறக்குறைய 20 சதவீதம் பெருகும். பறக்கும் விமானத்துக்குள் அழுத்தம் இன்னும் குறையலாம். அதனால் நுரையீரல் முழுசாக விரிந்ததை எக்ஸ்ரேயில் பார்த்து டாக்டர் சரி சொல்லும்வரை டிக்கெட் போடாதீர்கள். காரில் போனால் பரவாயில்லை என்றும் நினைக்க வேண்டாம். அங்கே போகும் என்3 நெடுஞ்சாலையும் அதே மேட்டில்தான் ஏறுகிறது.