துயரத்தைச் சொல்லும்போது மூளையில் என்ன நடக்கிறது?

பாம்பனிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: "கடலுக்குப் போன என் அண்ணன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. பேச்செடுத்தாலே 'ஆறுகிற புண்ணைக் கிளறாதே' என்று வீட்டில் அடக்கிவிடுகிறார்கள். பேசினால் உண்மையிலேயே துயரம் கூடுமா?"

உடல் கிடைக்காத இழப்பைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970-களிலிருந்தே எழுதிவருகிறார். போனவர் இறந்துவிட்டார் என்று துக்கம் காக்கவும் முடியாது. வருவார் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. எல்லை தாண்டியதாகக் கூறி மீனவர்கள் கைதாகும் இராமேசுவரம் கரையில், இலங்கைச் சிறையில் இருப்பாரோ என்ற எண்ணத்தை வீண் ஆசை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. ஏழாண்டுகள் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கருதச் சட்டம் இடம் தருகிறது. மனத்துக்கு அப்படி ஒரு கெடு இல்லை. ஒப்பாரி என்பதே இறந்தவரின் கதையை ஊரார் முன் சொல்லி அழுவதுதான். உடல் வராத வீட்டில் அதை எந்த நாளில் தொடங்குவது?

மூளையில், நிகழ்வுகளின் நினைவில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்கும், அச்சத்தில் அமிக்டலா என்ற பகுதிக்கும் பெரும் பங்கு உண்டு என்பது பலரும் அறிந்ததே. ஒருமுறை பதிந்த நினைவு கல்வெட்டுப்போல் மாறாது என்றே நெடுங்காலம் பெரும்பாலோர் கருதினர். 2000-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாடர், கிளென் ஷேஃப், ஜோசப் லெடூ ஆகியோர் அந்த எண்ணத்தை அசைத்தனர். ஓர் ஒலியையும் அதைத் தொடர்ந்து மின்னதிர்ச்சியையும் எலிகளுக்குக் கொடுத்து, ஒலி கேட்டாலே அவை அஞ்சி உறையும்படி பழக்கினர். பிறகு அதே ஒலியை மீண்டும் ஒலித்து நினைவை எழுப்பி, புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை அமிக்டலாவில் செலுத்தினர். மறுநாள் அந்த எலிகளின் அச்சம் வெகுவாகக் குறைந்திருந்தது. நினைவை எழுப்பாமல் மருந்தை மட்டும் செலுத்திய எலிகளிடம் இந்த மாற்றம் இல்லை! அதாவது, நினைவுகூரப்படும் நினைவு சிறிது நேரம் இளகுகிறது. நிலைபெற, புதிய புரதங்களின் துணையோடு அது மீண்டும் பதியவேண்டியிருக்கிறது.

வெறுமனே நினைவுகூர்வது போதாது, எதிர்பார்த்ததற்கு மாறாக ஏதேனும் நிகழும்போதே நினைவு இளகுகிறது என்று பின்வந்த ஆய்வுகள் பல காட்டின. எலியில் கண்டதை மனிதத் துயரத்துக்கு அப்படியே பொருத்துவது அவசரம் என்றாலும், இந்த இடம் என்னை விடாமல் ஈர்க்கிறது. சாமி குத்தம் என்பார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று அஞ்சியபடி பேசத் தொடங்கும் பெண்ணிடம், எதிரே இருப்பவர் "எங்க வீட்டுலயும் இப்படித்தான்" என்று தன் கதையைச் சொன்னால், அந்தப் பெண் எதிர்பார்த்தது பொய்த்துப்போகிறது. இழப்பு மாறுவதில்லை; அதோடு ஒட்டியிருந்த அவமான உணர்வு மாறக்கூடும் என்பது என் ஊகம்.

கேட்பவரிடமும் மாற்றம் நிகழ்கிறது. மனநோய் குறித்த இழிவெண்ணத்தைக் குறைக்க, பெரியவர்களிடையே பாடம் நடத்துவதைவிட அந்நோயைக் கடந்தவரை நேரில் சந்திப்பதே கூடுதல் பயன் தந்தது என்று பேட்ரிக் காரிகன் குழுவினர் 2012-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டனர். பதின்பருவத்தினரிடம் பாடமே முந்தியது. மனநோயாளிகளை வேண்டுதலுக்காக அழைத்துவரும் தர்கா உள்ள ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தனர். தர்காவிலோ தேவாலயத்திலோ வேண்டிக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. நோயாளியை ஊர் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கும் வழக்கத்தில்தான் மறுப்பு.

ஆனால் யாரையும் வற்புறுத்திப் பேசவைக்கக் கூடாது. பேரதிர்ச்சி நேர்ந்த உடனேயே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை பயனளிக்கவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்தது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தாங்களாக, தாங்கள் தேர்ந்த ஆளிடம், தாங்கள் விரும்பும் அளவுக்குச் சொல்வதே பாதுகாப்பானது. துயரம் ஆறு மாதங்களுக்கு மேலும் தணியாமல் அன்றாட வாழ்வையே முடக்கினால், அதை நீடித்த துயரக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் வகைப்படுத்துகிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416-ஐ அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.