காட்டேஜில் எலிப்பொறி வைப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டில் எலிப்பொறி வைத்தால் அது எந்த மூலையில் இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். ஏற்காடு காட்டேஜ்களில் கதையே வேறு. வாட்ச்மேன் வைப்பார், பெருக்க வரும் அக்கா நகர்த்தி வைப்பார், கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி ராத்திரியில் வந்து படுக்கிற குடும்பத்துக்கு எதுவும் தெரியாது. குழந்தை பந்தைத் தேடிக் கட்டிலுக்கடியில் கையை விடும். பூச்சிக் கட்டுப்பாட்டு வேலைக்குப் போகிற இடமெல்லாம் நான் சொல்வது இதுதான்: ஆள் தங்கும் நாளில் அறைக்குள் திறந்த பொறி வேண்டாம்.

வைக்கிற இடமும் அறைக்கு வெளியேதான் அதிகம். எலி சுவரை உரசிக்கொண்டே ஓடும். அடிச்சுவரில் கருப்பாகப் பிசுக்குப் படிந்திருந்தால் அதுதான் அதன் பாதை. சீலிங்குக்கு மேலே, விறகு அடுக்கிய இடம், சமையலறைப் பின்கட்டு, இங்கெல்லாம் பாருங்கள். ஸ்பிரிங் பொறி என்றால் இரண்டு பக்கமும் எலி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்ட, மூடியுள்ள பெட்டிக்குள், இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். முதலில் மசால்வடையைச் செருகி நூலால் கட்டிவிட்டு, அப்புறம்தான் ஸ்பிரிங்கை இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் விரல் போகும். புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும். முதல் ஓரிரு ராத்திரி ஸ்பிரிங்கை இழுக்காமல் வடையை மட்டும் தின்னவிடுங்கள்.

பசை அட்டையை நான் சிபாரிசு செய்வதில்லை. பல்லி, ஓணான், சில சமயம் பாம்புக்குட்டிகூட ஒட்டிக்கொண்டு கிடக்கும். எலியும் சட்டென்று சாகாது. வேதனைதான்.

விஷம் இன்னும் மோசம். கேக் மருந்தைத் தின்ற எலி சில நாள் கழித்து எட்டாத இடத்தில் செத்து நாறும். நெடி கிளப்பும் மருந்து அறைக்குள் வரவே கூடாது. 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். ஏற்காட்டுக் குளிருக்கு எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுத்தானே தூங்குகிறோம்?

காலி காட்டேஜில் பொறி வைத்துப் பூட்டிவிட்டுப் போவதும் தப்பு. தினமும் காலையில் ஒருவர் பார்க்க வேண்டும். எந்த அறையில் எத்தனை பொறி என்று சாவி மாட்டும் பலகையில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். ஆள் வருமுன் எண்ணி எடுத்துவிடலாம். செத்த எலியைக் கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசல் தெளித்த பிறகே எடுக்க வேண்டும். எலிப் புழுக்கையை உலர்ந்தபடியே பெருக்காதீர்கள், தூசியாகப் பறக்கும். நனைத்துத் துடையுங்கள்.

தங்கிவிட்டு இறங்கியவர்களுக்கு அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தால், எலி நடமாடிய அறையில் தங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா, உண்ணிக்காய்ச்சலா என்று பார்க்க அந்தத் தகவல் அவருக்கு உதவும்.