முன் சக்கரத்தில் எண்ணெய் கசிந்தால் ஆயில் சீலை மட்டும் மாற்றாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பழைய பெட்ஃபோர்ட் ஆர்.எல். இராணுவ லாரி ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. ஓராண்டுக்குள் இரண்டு முறை வேறோர் இடத்தில் அதன் முன் ஆக்ஸிலின், அதாவது முன் அச்சின், ஆயில் சீல்களை (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களை) மாற்றியிருந்தார்கள். அப்படியும் இடப்பக்க முன் சக்கரத்தின் உட்புறம் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. "கடையில் கொடுக்கிற சீல் எல்லாம் மட்டச் சரக்கு அண்ணே" என்றார் ஓட்டி வந்த தம்பி. கழற்றிப் பார்த்தபோது சீல் நல்ல சீலாகவே இருந்தது. ஆக்ஸிலின் மேல் காற்று போய்வருவதற்காக வைத்திருக்கும் பிரீதர் என்னும் சிறு மூடியின் துளையைத்தான் ஒரு குளவி மண்கூடு கட்டி அடைத்துவிட்டிருந்தது.

இந்த ஊர்க்காரர்களுக்கு இராணுவ லாரி புதிய காட்சி இல்லை. 1948 ஜூனில் இவ்வட்டாரத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் இராணுவ வண்டிகள் தோட்டச் சாலைகளில் ஓடிக்கொண்டேயிருந்தன என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பின்னாளில் ஏலத்தில் போன அத்தகைய லாரிகளில் சில மரம் இழுக்கவும், சில செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றவும், இன்னும் சில ஆசைக்காக வாங்கியவர்களின் கொட்டகையில் நிற்கவும் போயின. நான்கு சக்கரத்திலும் இழுவை உள்ள இந்த வண்டிகள் மழைக்காலத்துச் செம்மண் மேட்டில் ஏறும்போது அவற்றுக்கு இணை குறைவு என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் இழுக்கவும் திரும்பவும் வேண்டிய முன் சக்கரத்தின் அமைப்பு சிக்கலானது. கசிவும் அங்கேதான் தொடங்குகிறது.

முன் ஆக்ஸில் குழாயின் முனையில் உருண்டையான இரும்பு உறை ஒன்று இருக்கும். சக்கரம் அதன்மேல்தான் திரும்புகிறது. ஆங்கிலத்தில் அதைப் 'பால்' என்பார்கள். தோட்டத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் ரப்பர் பால் என்றே எடுத்துக்கொள்வார்கள் என்பதால் நாங்கள் உருண்டை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆக்ஸிலின் நடுவே இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் டிஃப்பரன்ஷியலில் உள்ள கியர் ஆயில் உருண்டைக்குள் வராமல் ஓர் உள் சீல் தடுக்கிறது. உருண்டையின் மேற்பரப்பைத் துடைத்தபடி நகரும் பெரிய வளையச் சீல் ஒன்று உள்ளேயிருக்கும் கிரீஸை வெளியே விடாமலும் வெளிச் சேற்றை உள்ளே விடாமலும் பார்த்துக்கொள்கிறது. சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் இருக்கும் மூன்றாவது சீல், சக்கர பேரிங்கின் கிரீஸ் பிரேக் டிரம்முக்குள் போகாமல் காக்கிறது. உள் சீல் தோற்றால் கியர் ஆயில் உருண்டையை நிரப்பி, கிரீஸைக் கரைத்து, வளையச் சீலைத் தள்ளி, பிறகு ஹப் வழியாக டிரம்முக்குள் இறங்கிவிடும். வெளியே கசியும் சீலை மட்டும் மாற்றுபவர் கடைசிக் கதவை மட்டும் பூட்டுகிறார்.

அதற்கும் முன்னால், ஒழுகுவது எது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: கியர் ஆயில் மிதக்கும், கந்தக வாடை வீசும், வழக்கமான பிரேக் எண்ணெய் தண்ணீரோடு கலந்துவிடும். சிலிக்கோன் வகை பிரேக் எண்ணெய் கலக்காது என்பதால், அது ஊற்றப்பட்ட வண்டியில் இந்தச் சோதனை உதவாது. ஒழுகுவது பிரேக் எண்ணெய் என்றால் கோளாறு சக்கர சிலிண்டரில் இருக்கிறது. வண்டியை அந்த இடத்திலிருந்து நகர்த்தவே கூடாது. கியர் ஆயில் என்றாலும் நிம்மதி கொள்ள வேண்டாம். டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டையான லைனிங்கில் எண்ணெய் பட்டால் அந்தச் சக்கரம் பிடிப்பை இழந்து, பிரேக் அழுத்தியதும் லாரி எதிர்ப்பக்கமாக இழுக்கும். குலை ஏற்றிய லாரி ஈரச் செம்மண் இறக்கத்தில் அப்படி இழுத்தால் ஓட்டுநர் ஸ்டியரிங்கை என்ன திருப்பினாலும் போதாது. ஆகையால் இதை எண்ணெய்ச் செலவாகப் பார்க்காமல் பிரேக் கோளாறாகவே பதிவு செய்யுங்கள் என்று தோட்டக் கிராணிமாரிடம் (எழுத்தர்களிடம்) சொல்லிவருகிறேன். ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி நெருப்பில் வாட்டி மறுபடி மாட்டும் வழக்கம் இன்னமும் இருக்கிறது. மேலே காய்ந்தாலும் உள்ளே ஊறிய எண்ணெய் டிரம் சூடானதும் மறுபடி வெளியே வரும். லைனிங்கை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பிரீதருக்கு வருவோம். காலையில் 30 டிகிரியில் இருக்கும் ஆக்ஸில் சுமையோடு ஓடி 80 டிகிரிக்குச் சூடாகிறது என்று வைத்துக்கொண்டால், அடைபட்ட ஆக்ஸிலுக்குள் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடும். அதாவது சதுர அங்குலத்துக்கு இரண்டரை பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. புதிய சீல் அதைத் தாங்கலாம், தேய்ந்த சீல் தாங்காது. இதைவிடக் கெட்டது திரும்பிவரும் வழியில் நடக்கும். சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் வழியாக வர வேண்டிய காற்றுக்குப் பதிலாகச் சீலின் உதட்டைத் தாண்டித் தண்ணீரை இழுக்கிறது. வடிகட்டும்போது எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அந்த லாரியில் வந்ததும் அப்படிப்பட்ட எண்ணெய்தான்.

பிரீதர் சரியாக இருந்தால் அடுத்து சக்கரத்தின் ஆட்டத்தைப் பார்ப்பேன். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஒருவர் பிரேக்கை அழுத்த வேண்டும். அழுத்தியதும் ஆட்டம் நின்றுவிட்டால் குறை சக்கர பேரிங்கில்; நிற்கவில்லை என்றால், சக்கரம் இடம் வலம் திரும்பும் முளையான கிங்பின்னில். கிங்பின் தளர்ந்த வண்டியில் உருண்டை நடுவிலிருந்து விலகி, வளையச் சீலின் ஒரு பக்கத்தை நசுக்கி மறுபக்கத்தில் இடைவெளி விடும். அங்கே எந்தச் சீலும் நிலைக்காது.

உருண்டையின் மேற்பரப்பு தோட்டத்து லாரிகளில் தனிக் கதை. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஓர் உப்பு. லாரியில் சிந்திய தூள் மழையில் கரைந்து இறங்கி, உருண்டையை அம்மைத் தழும்பு போல் அரித்துவிடுகிறது. அதன்மேல் ஒவ்வொரு திருப்பத்திலும் தேயும் ரப்பர் உதடு, அரத்தில் உரசிய துணி போலக் கிழிகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பிய நிலையிலேயே மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டிகளில் வெளியே தெரிந்த பாதி மட்டும் துருவேறியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். உர மூட்டை இறக்கிய அன்றே கழுவுவதும், நேராக நிறுத்துவதும் காசு செலவில்லாத வேலைகள். சீல் ஓடும் தண்டில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், மெல்லிய எஃகு உறை ஒன்றை அதன்மேல் ஏற்றலாம்; தண்டையே மாற்றுவதைவிட அது மலிவு.

கழற்றும் வேலையில் ஆள் அடிபடக்கூடிய இடங்கள் மூன்று உண்டு. ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது. செம்மண் தரையில் கனத்த இரும்புத் தகடு போட்டு, அதன்மேல் ஸ்டாண்டு நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்க வேண்டும். பழைய இராணுவ வண்டிகள் சிலவற்றின் ரிம் இரண்டு துண்டுகளை போல்ட்டால் இணைத்தது. காற்று இருக்கும்போது சக்கர நட்டு என்று எண்ணி அந்த நட்டுகளைத் திறந்தவர்கள் பிழைப்பது அரிது. எனவே முதலில் காற்றை முழுதாக இறக்குங்கள். மூன்றாவது, பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும் என்றே கொள்ள வேண்டும். காற்றுக் குழாயால் டிரம்மை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தூளால் வரும் நோய் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளிப்படும். இன்னொரு தலைவலி, அக்காலப் பிரித்தானிய லாரிகள் பலவற்றில் இடப்பக்க நட்டுகள் இடது மரை கொண்டவை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திறப்பவை. எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அதைத் திறப்பதாக எண்ணி அரைமணி நேரம் இறுக்கிக்கொண்டிருந்தான்.

சீல் வாங்கும்போது பழைய சீலைக் கையில் எடுத்துச் செல்வதோடு நிற்காமல், தண்டின் விட்டத்தையும் சீல் அமரும் துளையின் விட்டத்தையும் ஆழத்தையும் கருவியால் அளந்து எழுதிச் செல்லுங்கள். இவை அங்குலக் கணக்கில் கடைந்த வண்டிகள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். "கிட்டத்தட்ட இதே அளவுதான்" என்று மில்லிமீட்டர் சீலைக் கொடுக்கும் கடைக்காரரிடம் மறுத்துவிடுவது நல்லது. மாட்டும்போது ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். ஸ்பிரிங் துள்ளி விழாதபடி அந்தப் பள்ளத்தில் கிரீஸ் அப்பி, உதட்டில் எண்ணெய் தடவி, சீலின் விளிம்பளவே உள்ள குழாய்த் துண்டை வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள். சுத்தியலால் ஓரத்தில் அடித்தால் சீல் சாய்ந்து, அன்று மாலையே கசியும். பேரிங் நட்டைச் சக்கரத்தைச் சுழற்றியபடி இறுக்கி, பிறகு கையேடு சொல்லும் அளவுக்குத் தளர்த்திப் பூட்ட வேண்டும். எண்ணெயை நிரப்பு துளையின் விளிம்புக்கு மேல் ஊற்றாதீர்கள். "கொஞ்சம் கூடவே இருக்கட்டுமே" என்ற தாராளமும் கசிவுக்கு ஒரு காரணம்.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவதும் களைக்கு அடிப்பதும் தோட்டங்களில் இன்னும் நடக்கிறது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளின்படி பயன்படுத்திய மசகெண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்ற வகையில் வருகிறது. எண்ணெய்த் துணிகள் 410. மூடியுள்ள பீப்பாயில் பெயரும் நாளும் எழுதிச் சேர்த்து, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

அந்த லாரிக்கு இரண்டு உள் சீல், இரண்டு வளையச் சீல், இரண்டு ஹப் சீல், நான்கு லைனிங், இடப்பக்கக் கிங்பின் பேரிங் ஆகியவற்றை மாற்றினோம். பிரீதரிலிருந்து ஒரு ரப்பர் குழாயை இழுத்து, ஓடைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் கேபினுக்குப் பின்னால் கட்டி, குழாயின் வாயில் பித்தளை வலை வைத்தேன். ஒரு மணி நேரம் ஓட்டிவரச் சொல்லி இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தன. இரண்டு மாதம் கழித்துச் சோதனைக்கு வந்தபோது சக்கரத்தின் உட்புறம் உலர்ந்த செம்மண்தான் ஒட்டியிருந்தது. பித்தளை வலையின்மேல் மட்டும் குளவி மறுபடி மண் பூசத் தொடங்கியிருந்தது. தம்பியிடம் ஒரு பழைய பல் துலக்கியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை தேய்த்துவிடச் சொன்னேன்.