அம்புக்குறிக்கு எதிரே திரும்பும் கார்

வணிக வளாகம் ஒன்றின் வாகன நிறுத்துமிடத்துக்குள் நுழையும் ஓட்டுநரின் கண்ணெதிரே, பத்து மீட்டர் தொலைவில் ஓர் இடம் காலியாகிறது. தரையில் வரைந்துள்ள அம்புக்குறியை மதித்தால் அங்கே போய்ச் சேர முழு வரிசையையும் சுற்றி வர வேண்டும். மதிக்காவிட்டால் நான்கே வினாடி. சற்றுமுன் வெறிச்சோடிய சாலைச் சந்திப்பில்கூடச் சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டு நின்ற அதே மனிதர்தான் இப்போது அம்புக்குறிக்கு எதிராக வண்டியைத் திருப்புகிறார். அவரை ஒழுக்கம் கெட்டவர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பத்து நிமிடத்துக்குள் எவருடைய ஒழுக்கமும் அவ்வளவு தேய்ந்துவிடுவதில்லை. மாறியிருப்பது அவரைச் சுற்றியுள்ள இடம்தான்.

நெதர்லாந்தின் போக்குவரத்து உளவியலாளர்கள் 1990களில் 'தன்னைத்தானே விளக்கும் சாலை' என்ற கருத்தை முன்வைத்தார்கள். சாலையின் அகலம், நடைபாதை விளிம்பு, நடுத்தடுப்பு ஆகியவற்றைப் பார்த்த மாத்திரத்தில், அங்கே எப்படி ஓட்ட வேண்டும் என்பதை ஓட்டுநர் அறிவிப்புப் பலகையின் துணையின்றியே உணர்ந்துகொள்கிறார் என்பது அதன் சாரம். வாகன நிறுத்துமிடத்தில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை. விரிந்த தளமும், அதன்மேல் பாதி அழிந்த வெள்ளைக் கோடுகளுமே இருக்கின்றன. வண்டிகள் இல்லாத வேளையில் அந்தக் கோடுகளும் பொருளிழந்துவிடுவதால், கட்டங்களைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போவது ஓட்டுநருக்கு விதிமீறலாகவே தோன்றுவதில்லை.

சட்டமும் அங்கே தொலைவில் இருப்பதாகத் தோன்றுகிறது. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 'பொது இடம்' என்பதைச் சாலையோடு நிறுத்திவிடாமல், பொதுமக்கள் செல்ல உரிமையுள்ள பிற இடங்களையும் சேர்த்தே வரையறுக்கிறது. இருந்தும், வாயிலில் சீட்டு வாங்கியதோடு சட்டம் வெளியே நின்றுவிட்டது போலத்தான் நம்மில் பலரும் நடந்துகொள்கிறோம். உள்ளே இருக்கும் ஒரே அதிகாரம் விசில் ஊதும் காவலாளி. அவரிடம் அபராதச் சீட்டு கிடையாது.

வேகத்தின் கதை வேறு. அதில் ஓட்டுநரின் மனத்தைவிட அவருடைய கண்ணுக்கே பங்கு அதிகம். 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையை நோக்கியபோது, பாறை மேல்நோக்கி நகர்வதாகத் தோன்றியது. (குற்றாலத்திலும் இதைச் செய்து பார்க்கலாம், கூட்டம் இடம் கொடுத்தால்.) ஒரே திசையில் ஓடும் காட்சிக்கு மூளை பழகிவிடுவதால் நேரும் மயக்கம் இது. நெடுஞ்சாலையில் வெகுநேரம் வேகமாக ஓட்டியவருக்கும் இதையொத்த ஒன்று நிகழ்கிறது: வேகத்தைக் குறைத்த பிறகு, தாம் உண்மையில் செல்வதைவிட மெதுவாகச் செல்வதாக அவர் உணர்கிறார். பிரிட்டனில் டென்டன் என்ற ஆய்வாளர் இதை விரிவாக ஆராய்ந்தார். வட்டச் சந்திப்புகளை நெருங்கும் சாலைகளில் வரவரக் கோடுகளின் இடைவெளி குறையுமாறு குறுக்குக் கோடுகள் வரையும் வழக்கம் அந்த ஆய்விலிருந்து வந்ததே.

வாகன நிறுத்துமிடத்தில் இந்த மயக்கத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் சாலையில் ஊர்வது போலிருக்கும். ஆனால் அது வினாடிக்கு எட்டு மீட்டருக்கும் மேல். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் வண்டி 12.5 மீட்டர் ஓடியிருக்கும்; அதாவது இரண்டரை மீட்டர் அகலமுள்ள ஐந்து கட்டங்களைக் கடந்திருக்கும். 10 கிலோமீட்டர் வேகத்தில் அது நான்கு மீட்டரைச் சற்றே தாண்டும். இருபுறமும் உயரமான வண்டிகள் மறைத்து நிற்க, பின்னோக்கி வெளியே வரும் காரின் ஓட்டுநருக்கோ, பாதி வண்டி வெளியே வரும்வரை எதுவும் தெரியாது.

ஒருவர் மீறினால் அடுத்தவரும் ஏன் மீறுகிறார் என்பதற்கு, நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில் நல்ல சான்று உண்டு. வாகன நிறுத்துமிடம் ஒன்றின் முதன்மை வாயிலை ஆய்வாளர்கள் வேலியிட்டு மறித்து, அரை மீட்டர் சந்து மட்டும் விட்டார்கள். 'இவ்வழியே செல்லக் கூடாது, 200 மீட்டர் தள்ளியுள்ள வழியில் வரவும்' என்று ஒரு பலகை. 'வேலியில் மிதிவண்டிகளைப் பூட்டக் கூடாது' என்று இன்னொன்று. வேலிக்கு ஒரு மீட்டர் தள்ளி நான்கு மிதிவண்டிகள் நின்றபோது, தங்கள் காரை எடுக்க வந்தவர்களில் 27 சதவீதத்தினர் சந்துக்குள் நுழைந்தார்கள். அதே நான்கு மிதிவண்டிகளையும் வேலியில் பூட்டி வைத்தபோது 82 சதவீதத்தினர் நுழைந்தார்கள். மிதிவண்டி விதிக்கும் வாயில் விதிக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. இங்கே விதிகளை யாரும் பொருட்படுத்துவதில்லை என்ற செய்தி ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத் தாவிவிடுகிறது.

காத்திருப்பும் மீறலை வளர்க்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டா பகுதி வணிக வளாகம் ஒன்றில் செய்து 1997இல் வெளிவந்த ஆய்வின்படி, யாரும் காத்திராதபோது கட்டத்தை விட்டுக் கிளம்ப ஓட்டுநர்கள் சுமார் 32 வினாடி எடுத்தார்கள். இன்னொரு கார் காத்திருந்தால் 39. ஹாரன் அடித்தாலோ 43. போகப்போகும் இடத்தையும் மனிதர்கள் தம் எல்லையாகக் காக்கிறார்கள். அதுவரை காத்திருக்கும் கார் வழியை அடைத்து நிற்பதால், பின்னால் வருபவர் பொறுமையிழந்து எதிர்த்திசைப் பாதையில் புகுந்துவிடுகிறார்.

என் பார்வையில், எச்சரிக்கைப் பலகைகளைவிடக் கட்டத்தின் கோணமே இங்கே நன்றாக வேலை செய்கிறது. கட்டங்கள் பாதைக்குச் செங்குத்தாக இருந்தால் எந்தத் திசையிலிருந்தும் எளிதில் நுழையலாம். அம்புக்குறி வெறும் வேண்டுகோள்தான். 45 பாகை சாய்த்து வரைந்தால், சரியான திசையில் வருபவர் 45 பாகை திரும்பினால் போதும்; எதிர்த்திசையில் வருபவர் குறுகலான பாதையில் 135 பாகை வளைக்க வேண்டும். அதற்குச் சுற்றி வருவதே சுலபம். ஆனால் 100 மீட்டர் நீள வரிசையின் ஒரு பக்கத்தில் செங்குத்தாக 40 கட்டங்கள் அடங்குமென்றால், இப்படிச் சாய்த்து வரையும்போது 28தான் அடங்கும். பாதையைக் குறுக்கி மிச்சப்படுத்தும் இடம் இந்த இழப்பில் ஒரு பகுதியை மட்டுமே ஈடுசெய்யும். வளாக உரிமையாளர்கள் பெரும்பாலும் செங்குத்துக் கட்டத்தையே விரும்புவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.