மாடிப் பூங்காவின் அடியில் நிற்கும் மதில்

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாடிப் பூங்காவுக்குப் படியேறுகிறவர்களில் பலருக்கு, தாங்கள் காற்று வாங்க உட்காரும் மேடு ஒரு மதிலின் மிச்சம் என்று தெரியாது. 1767இலும் 1769இலும் ஐதர் அலியின் படைகள் சென்னையின் வாசல்வரை வந்து போன பிறகு, கோட்டைக்கு வடக்கே இருந்த கருப்பர் நகரத்தைச் சுற்றி ஆங்கிலேயக் கம்பெனி எழுப்பிய மதில் அது. கட்டிய செலவை நகரவாசிகளிடமே வரியாக வாங்க நினைத்தார்கள். வரி வசூலாகவில்லை, ஆங்கிலத்தில் ‘மதில் வரி’ என்று பொருள்படும் வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இடிந்த சுவர் ஒன்றைப் பார்த்ததும் அதன் மீதியை நம் மனம் தானாகவே கட்டத் தொடங்குகிறது. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி, ஒரு நினைவின் சிறு துண்டு கிடைத்தாலும் மற்றதைச் சேர்த்து முழு நினைவையும் எழுப்ப உதவுகிறது. அந்தப் பகுதி பழுதுபட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கடந்ததை நினைவுகூர்வது மட்டுமல்லாமல், காணாத காட்சியொன்றை மனத்தில் கோத்துப் பார்ப்பதும் கடினமாகிவிடுகிறது என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காணாததைக் கோக்கவும் நினைவில் உள்ள சரக்கே வேண்டும் என்பதால்தான், வரலாறு தெரியாத ஒருவர் இந்த மதிலுக்கு ஏதோ ஓர் அரசனையும் அரண்மனையையும் எளிதாகச் சேர்த்துவிடுகிறார். இடிபாடு நம் கற்பனையைத் தூண்டுவதைப் போலவே திருத்தவும் வல்லது. ஆனால் அதற்கு அதன் செங்கல்லும் காரையும் அசல் நிலையில் இருந்தாக வேண்டும்.

கடலோரச் சுவர்களில் அது எளிதன்று. காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு செங்கல்லுக்குள் இறங்குகிறது. ஈரம் உலரும்போது படிகமாகிப் பெருத்து, செங்கல்லின் மேற்பரப்பைத் துகள் துகளாகத் தள்ளிவிடுகிறது. சுண்ணாம்புக் காரை மென்மையானது, நுண்துளைகள் நிறைந்தது. ஈரமும் உப்பும் அதன் வழியே வெளியேறுவதால் முதலில் உதிர்வது காரைதான், செங்கல் பிழைத்துக்கொள்கிறது. நல்லெண்ணத்தோடு அதன்மேல் சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபட்டு, உப்பு முழுவதும் செங்கல்லுக்குள் தேங்குகிறது. சில ஆண்டுகளில், பூச்சு கெட்டியாக நிற்கையிலேயே அதன் பின்னால் செங்கல் மாவாகியிருக்கும். உதிர்ந்த காரைக்குப் பதில் புதிய சுண்ணாம்புக் காரையையே வைத்தால், அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல ஈர்த்து மீண்டும் கல்லாக இறுகி, அடுத்த உப்பையும் தானே ஏற்றுக்கொள்ளும்.